அக்கா மகளுக்கு ஏர் பிஸ்டல்: ஸ்டெய்ர் காம்பாக்டா, மோரினி ஷார்ட்டா?

கோத்தகிரி மாமன்:

எல்லோருக்கும் வணக்கம். கோத்தகிரிக்குக் கீழே ஒன்றரை ஏக்கர் தேயிலையும், பச்சை இலை ஏற்றுகிற ஒரு பிக்கப் வண்டியும்தான் என் பிழைப்பு. துப்பாக்கி சுடுதல் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அக்கா மகள் வாயால் கேட்டதுதான். தப்பாக ஏதாவது எழுதியிருந்தால் திருத்துங்கள்.

அவளுக்கு வருகிற தை மாதம் 15 வயது முடிகிறது. பள்ளி என்.சி.சி.யில் .22 ரைஃபிள் சுடப் போனவள், அங்கே ஒரு கோச் கண்ணில் பட்டு, ரெண்டு வருஷமாக 10 மீட்டர் ஏர் பிஸ்டல் பழகுகிறாள். சனிக்கிழமை விடிகாலையில் அக்காவும் அவளும் குன்னூரில் பஸ் ஏறிக் கோவை ரேஞ்சுக்குப் போவார்கள். ராத்திரி சொந்தக்காரர் வீட்டில் தங்கி, மறுநாளும் பழகிவிட்டுத் திரும்புவார்கள். எனக்கு வார இறுதியில்தான் இலை லோடு அதிகம் என்பதால் ஒரு தடவைகூடக் கூடப் போக முடிந்ததில்லை.

பழகுவது கிளப்பின் பொதுப் பிஸ்டலில். பெரியவர்களுக்கான முழு நீளம். போன மாதம் ஒரு பயிற்சிப் போட்டியின் மதிப்பெண் சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தாள். பத்துப் பத்துக் குண்டாக ஆறு சுற்று: 91, 90, 89, 87, 86, 84. மொத்தம் 600க்கு 527. படிக்கட்டு மாதிரி இறங்குகிறதே என்று போனில் கேட்டேன். "குறி தப்பல மாமா, கைதான் கேக்க மாட்டேங்குது. கடைசி இருபதுல முனை தானா கீழ போயிடுது" என்றாள். அவளுடைய மணிக்கட்டு எவ்வளவு மெலிசு என்று எனக்குத் தெரியும். சின்ன வயதில் சந்தையில் வாங்கிய வளையல் எதுவும் கையில் நிற்காது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அவள் சடங்குக்கு நான் மாமன் சீர் வைத்தபோது இலை விலை அடிமட்டத்தில் கிடந்தது. தட்டு குறைந்தது என்று யாரும் சொல்லவில்லை. அக்கா சொல்லவே மாட்டாள். எனக்குத்தான் அது இன்னும் உள்ளே கிடக்கிறது. இப்போது சீட்டு எடுத்திருக்கிறேன், ரெண்டரை லட்சம் வரை முடியும். அவளுக்கென்று சொந்தமாக ஒரு பிஸ்டல் வாங்கிக் கொடுத்துவிட வேண்டும்.

கேட்டு விசாரித்ததில் ரெண்டு மாடல் கைக்கு வந்து நிற்கிறது. ஒன்று ஆஸ்திரியாவின் ஸ்டெய்ர் காம்பாக்ட். இன்னொன்று சுவிட்சர்லாந்தின் மோரினி 162, ஷார்ட் என்கிற குட்டை மாடல். ரெண்டும் 4.5 மில்லிமீட்டர், ரெண்டும் காற்று சிலிண்டர், ரெண்டும் ஒரு தடவைக்கு ஒரு குண்டு. படத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கின்றன. எனக்குச் சொல்லப்பட்ட ஸ்டெய்ரில் டிரிகர் மெக்கானிக்கல், மோரினியில் பேட்டரி போட்ட எலக்ட்ரானிக் டிரிகர். பெரிய வித்தியாசமாக எனக்குப் புரிந்தது இது ஒன்றுதான்.

ஒரு விற்பனையாளரிடம் போனில் பேசினேன். "எலக்ட்ரானிக் எடுத்துடுங்க, ரெண்டு நாள்ல அட்வான்ஸ் போட்டுடுங்க" என்று அவசரப்படுத்தினார். கிரிப், அதாவது கைப்பிடி, என்ன அளவு வரும் என்று மூன்று தடவை கேட்டும் பதில் வரவில்லை. அதனால்தான் இங்கே வந்தேன்.

நம்ம ஊர்க் குளிருக்கும் மூட்டத்துக்கும் எது தாங்கும்? கை சின்னதாக இருப்பவளுக்கு எது பொருந்தும்? அவளுக்குச் சொல்லாமல் வாங்கிப் பிறந்தநாளன்று கையில் வைக்க ஆசை. வளையல் அளவுக்கு என்று சொல்லி, காலண்டர் தாளின் பின்பக்கம் அவளுடைய வலது கையை வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து வாங்கி வைத்திருக்கிறேன். அது எதற்காவது உதவுமா?


கோவை ரேஞ்ச் அக்கா:

அண்ணா, அந்தக் காலண்டர் தாளைப் பத்திரமாக வையுங்கள். நீங்கள் செய்ததிலேயே உருப்படியான வேலை அதுதான். கிரிப் ஆர்டர் செய்யும்போது கை வரைபடம்தான் முதலில் கேட்பார்கள்.

நான் 11 வருஷம் பிஸ்டல் சுட்டவள். இப்போது வார இறுதியில் சின்னப் பிள்ளைகளுக்கு உதவி செய்கிறேன். மாடலுக்குப் போவதற்கு முன்னால் ஒரு கேள்வி: பாப்பா எந்தக் கையால் சுடுகிறாள்? வலது கை என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்களாக நினைத்ததா, பார்த்ததா? சாப்பிடுகிற கை, எழுதுகிற கை, சுடுகிற கை மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று இல்லை. எந்தக் கண் மேலோங்கிய கண், அதாவது குறி பார்க்கும்போது தானாக முந்திக்கொள்கிற கண், என்பதும் இதில் வரும். கிரிப்பை வலது கைக்கு, இடது கைக்கு என்று தனித்தனியாகக் கடைகிறார்கள். மாற்றி வந்துவிட்டால் ரெண்டு லட்சம் ரூபாய்ப் பொருளைக் கையில் வைத்து அழகு பார்க்கத்தான் முடியும்.

கிரிப் என்று சும்மா சொல்லிவிடுகிறோம். அது வால்நட் மரத்தில் கடைந்த ஒரு கையுறை என்றே வைத்துக்கொள்ளுங்கள். கட்டைவிரலுக்கு ஒரு மேடை, மூன்று விரல்களுக்குப் பள்ளம், உள்ளங்கையின் கீழ் ஓரத்தைத் தாங்க மேலும் கீழும் நகர்த்தி இறுக்குகிற ஒரு தட்டு. அளவு பெரிதாக இருந்தால் பிள்ளைகள் என்ன செய்வார்கள் தெரியுமா? ஆள்காட்டி விரல் டிரிகருக்கு எட்டுவதற்காக உள்ளங்கையை மெல்லச் சுற்றிக்கொள்வார்கள். அந்த அரை சென்டிமீட்டர் சுற்றுக்கு மணிக்கட்டு ஒரு பக்கமாக வளையும். முதல் 20 குண்டுக்குத் தசை அதைச் சமாளிக்கும், பிறகு விட்டுவிடும். நீங்கள் எழுதிய 91இலிருந்து 84 என்கிற இறக்கத்தைப் பார்த்தால் எனக்கு எடையைவிடக் கிரிப் மேல்தான் சந்தேகம் வருகிறது. நேரில் பார்க்காமல் அடித்துச் சொல்ல மாட்டேன்.

ஒரு சோதனை இருக்கிறது. காலியான பிஸ்டலைப் பிடித்து, கண்ணை மூடி, கையைத் தூக்கிக் குறிக்கு நேராக நிறுத்தச் சொல்லுங்கள். அப்புறம் கண்ணைத் திறக்கச் சொல்லுங்கள். முன் சைட் பின் சைட்டின் பள்ளத்துக்கு நடுவில் தானாக நின்றால் கிரிப் பொருந்துகிறது. பத்துத் தடவையில் பாதிக்கு மேல் ஒரே பக்கமாக ஒதுங்கினால் பொருந்தவில்லை. வாங்கிய பிறகும் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது, மரப் புட்டி வைத்து ஏற்றுவது எல்லாம் நடக்கும். வளர்கிற பிள்ளைக்கு வருஷத்துக்கு ஒரு முறை இந்த வேலை இருக்கும், பயப்படாதீர்கள்.

காம்பாக்ட் எடுப்பது சரியான முடிவு. பேரலும் சிலிண்டரும் குட்டை, முனைப் பாரம் குறைவு. போட்டியில் 60 குண்டுக்கு 75 நிமிஷம், அதற்கு முன்னால் தயாராவதற்கும் குறி சரிபார்ப்பதற்கும் 15 நிமிஷம். ஒன்றரை மணி நேரம் ஒற்றைக் கையை நீட்டி நீட்டி இறக்க வேண்டும். அவளுக்கு ஒவ்வொரு கிராமும் கணக்குதான். விதிப்படி பிஸ்டல் 1,500 கிராமுக்கு மேல் போகக் கூடாது, ரெண்டு மாடலும் அதற்கு ரொம்பக் கீழே. குட்டை சிலிண்டரில் காற்று கொஞ்சம் குறைவாகப் பிடிக்கும், ஆனாலும் ஒரு போட்டிக்குத் தாராளமாகப் போதும்.

டிரிகர் விஷயத்துக்கு வருகிறேன். எலக்ட்ரானிக் அழுத்தம் நாள் முழுக்க ஒரே மாதிரி, மெழுகு போல வழுக்கும். மெக்கானிக்கலில் எங்கே இழுப்பு நிற்கிறது, எங்கே உடைகிறது என்று விரல் தானே படிக்கும். டோக்கியோவில் 2021இல் மனு பாக்கருக்குத் தகுதிச் சுற்றின் நடுவில் பிஸ்டல் கோளாறு ஆகி நேரம் போனதும், 575 எடுத்து 12வது இடத்தில் நின்றதும் எல்லோருக்கும் நினைவிருக்கும். அதைச் சொல்லித்தான் பல பெற்றோர் எலக்ட்ரானிக் என்றாலே பின்வாங்குகிறார்கள். ஆனால் அதே மனு 2024 ஜூலை 28 அன்று பாரிஸில் எலக்ட்ரானிக் டிரிகர் பிஸ்டலில்தான் இறுதிச் சுற்றில் 221.7 சுட்டு வெண்கலம் வாங்கினார். துப்பாக்கி சுடுதலில் ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய முதல் இந்தியப் பெண். ஆக டிரிகர் வகையை வைத்து ஒன்றைத் தள்ளாதீர்கள். அவள் கோச்சுக்கு எந்தப் பிஸ்டலைக் கழற்றிப் பூட்டத் தெரியும், அந்த ரேஞ்சில் எதற்கு வாஷரும் ஸ்பிரிங்கும் கிடைக்கும் என்று கேளுங்கள். போட்டிக்கு முந்தின நாள் ராத்திரி ஓ-ரிங் (காற்று கசியாமல் அடைக்கிற ரப்பர் வளையம்) ஒன்று போய்விட்டால் பக்கத்து லேன் பிள்ளையின் பெட்டியில் இருக்கிற ஓ-ரிங்தான் காப்பாற்றும்.

சொல்லாமல் வாங்கிக் கொடுக்கிற ஆசையை மட்டும் விட்டுவிடுங்கள் அண்ணா. அவள் கையில் பிடித்துப் பார்க்காமல் வாங்க வேண்டாம்.


கோத்தகிரி மாமன்:

அக்கா, நீங்கள் கேட்ட கேள்வியை அப்படியே என் அக்காவிடம் போனில் கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் "இடது கைடா" என்றாள்.

பாப்பா சின்ன வயதில் எல்லாவற்றுக்கும் இடது கையைத்தான் நீட்டுவாள். எழுத, சாப்பிட என்று அக்காதான் அடித்து அதட்டி வலது கைக்கு மாற்றினாள். ரேஞ்சில் முதல் நாளே கோச் ரெண்டு உள்ளங்கையையும் சேர்த்து ஓட்டை மாதிரி வைத்துத் தூரத்தில் ஒரு பொருளைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். இடது கண். பிஸ்டலைக் கொடுத்ததும் இடது கை. அன்றிலிருந்து இடது கைதான். என்னிடம் இருந்த ஒரே படம் ரேஞ்சில் நிற்கும் நிலை பார்க்க மாட்டியிருக்கும் கண்ணாடிக்குள் தெரிந்தவளை அக்கா எடுத்தது. அதில் வலது கை மாதிரித் தெரிந்தது.

அதைவிட மனதைப் பிசைந்த விஷயம் வேறு. கிளப்பில் இடது கைக் கிரிப் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறதாம், அதுவும் பெரியவர் அளவு. வாரா வாரம் முதல் வேலையாக அலன் கீ வாங்கி, வலது கிரிப்பைக் கழற்றி அதை மாட்டி, கட்டைவிரல் மேடைக்குக் கீழே கைக்குட்டைத் துணியை மடித்து வைத்துச் சுடுகிறாள். முடிந்ததும் திரும்பக் கழற்றி மாட்டி வைத்துவிட்டு வருகிறாள். ரெண்டு வருஷமாக இதை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.


அருவங்காடு ஓய்வு:

தம்பி, இடது கை சங்கதியைப் படித்ததும் எழுதத் தோன்றியது. அருவங்காடு கார்டைட் ஃபேக்டரியில் 31 வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன். 1904இலிருந்து ஓடுகிற தொழிற்சாலை. அழுத்தம், ஈரம், வெப்பம் இந்த மூன்றையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கப் பழகியவர்கள் நாங்கள். பிஸ்டல் தேர்வைக் கோவைக்காரம்மா சொல்லிவிட்டார்கள். மலையில் அதை வைத்துக்கொள்வது பற்றி மட்டும் நான் சொல்கிறேன்.

அந்தச் சிலிண்டரில் 200 பார் வரை ஏற்றுவார்கள். உன் பிக்கப் டயரில் 40 பவுண்டு அடிக்கிறாய் என்று வை, அதைப்போல 70 மடங்குக்கும் மேலே. கையில் அடங்குகிற குழாய்தானே என்று அலட்சியம் வேண்டாம். கோத்தகிரியில் காலை 12 டிகிரியில் 200 பார் நிரப்பி எடுத்துப் போகிறாய். மேட்டுப்பாளையத்தில் டீ குடிக்க வண்டியை வெயிலில் நிறுத்துகிறாய். மூடிய வண்டிக்குள் 45 டிகிரி சாதாரணம். காற்று அதே அளவுதான், ஆனால் அழுத்தம் 223 பாருக்குப் போய்விடும். ஆகையால் மலையில் நிரப்பினால் 180இல் நிறுத்திக்கொள். வெயிலில் வண்டிக்குள் விட்டுவிட்டு இறங்காதே, பெட்டியைக் கையோடு எடுத்துக்கொள்.

அடுத்தது ஈரம். கைப்பம்ப் வாங்கலாம் என்று நினைப்பாய். ஐப்பசி, கார்த்திகையில் நம்ம ஊரில் அலமாரிக்குள் இருக்கிற தோல் செருப்பே பச்சையாகப் பூத்துவிடும். அந்தக் காற்றைத்தான் பம்ப் உறிஞ்சும். 200 பாருக்கு நெருக்கும்போது அதிலிருக்கிற ஈரம் தண்ணீராகப் பிரியும். பம்பின் கீழே இருக்கிற வடிகால் திருகை அடிக்கடி திறந்து விடாவிட்டால் அந்தத் தண்ணீர் சிலிண்டருக்குள் போய்த் தங்கிவிடும். ஐம்பது அடி அடித்ததும் நிறுத்தி, பம்பை ஆறவிட்டு, வடித்துவிட்டுத் திரும்ப அடிக்க வேண்டும். மழை கொட்டுகிற நாளில் அடிக்கவே வேண்டாம். கோவையில் ரேஞ்சில் உலர்ந்த காற்றுப் பெரிய சிலிண்டர் வைத்திருப்பார்கள். அதில் நிரப்பிக்கொண்டு வருவதே நல்லது. வீட்டில் டிரை ஃபயர், அதாவது குண்டு போடாமல் டிரிகரை மட்டும் இழுத்துப் பழகக் காற்றே தேவையில்லை, வாரம் பூரா வெற்றுச் சுவரைப் பார்த்து நின்று பழகலாம்.

குளிரிலிருந்து கீழே இறங்கியதும் பெட்டியைத் திறக்கக் கூடாது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சொம்பு வேர்ப்பது மாதிரி பிஸ்டல் முழுக்க வேர்த்துவிடும். மெக்கானிக்கல் டிரிகருக்குள் வேர்த்தால் துரு, எலக்ட்ரானிக்கில் வேர்த்தால் மின் தொடர்பு. ரெண்டுக்கும் கெடுதிதான். ரேஞ்சுக்குப் போய் மூடிய பெட்டியை அரைமணி நேரம் சும்மா வைத்துவிட்டுத் திறக்கச் சொல்.

வீட்டில் அந்தப் பஞ்சுப் பெட்டியிலேயே மாதக்கணக்கில் மூடி வைக்காதே. பஞ்சு ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். சிலிண்டரைக் கழற்றி, பிஸ்டலை மெல்லிய எண்ணெய்த் துணியால் துடைத்து, மூடி இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வை. நீல மணி வெளிறி இளஞ்சிவப்பானால் அது நிறைந்துவிட்டது என்று அர்த்தம். மரக் கிரிப்பை எண்ணெயில் நனைக்காதே, பிடி வழுக்கும்.

நம்ம மலைக்கு எது என்று கேட்டாய். எனக்கு மெக்கானிக்கல் மேல்தான் சாய்வு. கழற்றிக் காயவைத்துத் துடைத்தால் வேலை முடிந்தது. இது பழக்கத்தில் வந்த என் மனச்சாய்வு, அவ்வளவுதான்.


பண்ணைக்காடு அம்மா:

தம்பி, நாங்கள் பழனி மலையில் காப்பித் தோட்டக்காரர்கள். என் பையன் மதுரை போய்ப் பழகினான். எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன், நீங்கள் அந்தக் குழியில் விழ வேண்டாம்.

காசு மிச்சம் பிடிக்கலாம் என்று ஒருவரிடம் பழைய பிஸ்டல் வாங்கினோம். பளபளவென்று இருந்தது. முதல் போட்டியில் உபகரணச் சோதனை மேசையில் சிலிண்டரைத் திருப்பிப் பார்த்தார்கள். அதில் பொறித்திருந்த தேதிப்படி பத்து வருஷ ஆயுள் எப்போதோ முடிந்திருந்தது. அனுமதிக்க முடியாது என்றார்கள். விற்றவர் போனை எடுக்கவே இல்லை. ஓடிப் போய்த் தெரிந்த பையனிடம் சிலிண்டர் இரவல் வாங்கி வந்தால், அடுத்தது டிரிகர். பேரலைச் செங்குத்தாக நிறுத்தி, டிரிகரில் 500 கிராம் எடையைத் தொங்கவிட்டுத் தூக்குவார்கள். எடையைத் தாங்கி நிற்க வேண்டும். எங்களுடையது பாதியிலேயே 'டிக்' என்று விட்டுவிட்டது. அங்கேயே திருகித் திருகிச் சரி பண்ணினோம். அன்றைக்கு அவன் சுட்டது அவன் சுடுகிற மாதிரியே இல்லை. ஊர் திரும்புகிற வரை பஸ்ஸில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான்.

அதனால் புதிதே வாங்குங்கள். புதிதிலும் சிலிண்டர் தேதியைக் கண்ணால் பார்த்து வாங்குங்கள். கடையில் ரொம்ப நாள் கிடந்தது என்றால் பத்து வருஷத்தில் ரெண்டு மூன்று அங்கேயே கழிந்திருக்கும். டிரிகரை 500 கிராமுக்குச் சரியாக வைக்காமல் பத்து இருபது கிராம் கூடுதலாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஊரில் பேச்சு வரும், அதற்கும் தயாராக இருங்கள். .177 அளவில், 20 ஜூலுக்குக் கீழே இருக்கிற ஏர் பிஸ்டலுக்கு லைசென்ஸ் வேண்டாம். போட்டிப் பிஸ்டலின் ஆற்றல் அதில் பாதிக்கும் கீழேதான். ஆனாலும் பில் நகலும் கிளப் அடையாள அட்டையும் பெட்டிக்குள் எப்போதும் இருக்கட்டும். பஸ்ஸில் பூட்டிய பெட்டியைத் திறக்கவே கூடாது, யார் ஆசையாகக் கேட்டாலும் சரி. தோட்டத்துக்கு வருகிற குரங்கையோ கொண்டைக்குருவியையோ குறி பார்க்கலாம் என்று வீட்டு ஆம்பளைகள் யாராவது கிளம்புவார்கள். 1972 வனவிலங்குச் சட்டம் இருக்கிறது. அதைவிட, அது அந்தப் பிள்ளையின் பிஸ்டல். வேறு யாரும் தொடக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

குண்டு ஈயம், சுட்டு முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்க விடாதீர்கள். என் பையனுக்கு இதைச் சொல்லிச் சொல்லியே ஒரு வருஷம் போனது.


கோத்தகிரி மாமன்:

பதில் எழுதிய மூன்று பேருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை லோடை இன்னொரு வண்டிக்காரரிடம் கொடுத்துவிட்டு நானும் கோவை போய்வந்தேன்.

பாப்பாவிடம் சனிக்கிழமை ராத்திரியே உண்மையைச் சொல்லிவிட்டேன். நம்பவில்லை. அக்கா முகத்தைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். "எந்த கிரிப் மாமா, லெஃப்டா?" என்றுதான் முதலில் கேட்டாள்.

ரேஞ்சில் ஒரு பையன் இடது கைக்காரன். அவனிடம் ஸ்டெய்ர் காம்பாக்ட், சின்ன அளவுக் கிரிப். கோச் கேட்டதும் தயங்காமல் கொடுத்தான். கோவை அக்கா சொன்ன கண் மூடிச் சோதனையை முதலில் கிளப் பிஸ்டலில் செய்தாள். பத்தில் ஏழு தடவை முன் சைட் ஒரே பக்கமாக ஒட்டிக்கொண்டு நின்றது. அந்தக் கைக்குட்டைத் துணியை வைத்தபோதுகூட ஐந்து தடவை. அப்புறம் பையனின் பிஸ்டல். எட்டுத் தடவை நேர் நடுவில். நான் பின்னால் நின்று அவளுடைய மணிக்கட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். கிளப் பிஸ்டலில் கட்டைவிரலுக்குக் கீழே ஒரு நரம்பு புடைத்துக்கொண்டு தெரிந்தது. இதில் அது தெரியவே இல்லை.

மோரினியும் ஒரு அக்காவிடம் இருந்தது, ஆனால் வலது கைக் கிரிப். பாப்பாவால் அதை முறையாகப் பிடித்துப் பார்க்க வழியில்லை. இடது கைக் கிரிப் போட்ட மோரினி கோச்சுக்குத் தெரிந்து பக்கத்தில் யாரிடமும் இல்லை. அது குறைந்த பிஸ்டல் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த அக்கா அதில் சுட்டதை நின்று பார்த்தேன், அவ்வளவு அழகு. ஆனால் பிடித்துப் பார்க்காமல் வாங்க வேண்டாம் என்று நீங்கள் சொன்ன பிறகு எனக்கு மனம் வரவில்லை. கோச்சும் ஸ்டெய்ரைத் தான் கழற்றிப் பூட்டுவேன் என்றார். ரேஞ்சில் ஓ-ரிங்குகள் ஒரு டப்பாவே இருக்கிறது.

நாற்பது குண்டு கிளப் பிஸ்டலில் சுட்ட பிறகு, கை களைத்த நேரத்தில், கடைசி இருபதை அந்தப் பையனின் பிஸ்டலில் சுடச் சொன்னார் கோச். 89, 90. சட்டைப் பட்டன் அளவு பத்தாம் வளையத்தில் ஆறு ஏழு ஓட்டை ஒன்றோடொன்று ஒட்டிக் கிழிந்திருந்த தாளை எனக்கென்று கொடுத்தார். பர்ஸில் வைத்திருக்கிறேன்.

ஆக, ஸ்டெய்ர் காம்பாக்ட், மெக்கானிக்கல் டிரிகர், இடது கை, சின்ன அளவுக் கிரிப். அவசரப்படுத்திய அந்த ஆளிடம் இல்லை, கோச் காட்டிய இடத்தில் ஆர்டர் கொடுத்தாயிற்று. கிளப் வழியாகவே தாள்கள் எல்லாம் போகின்றன. இடது கைக் கிரிப் என்பதால் தைக்குள் வருமா என்று உறுதி சொல்லவில்லை. வரட்டும், நேரமானாலும் சரியானது வரட்டும். சிலிண்டர் தேதியைப் படம் எடுத்து அனுப்பினால்தான் மீதிப் பணம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அருவங்காடு ஐயா, மூடி இறுக்கமான டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் வாங்கி வைத்தாயிற்று. கைப்பம்ப் வாங்கவில்லை.

புதுக் காலண்டர் தாள் ஒன்றில் இடது கையை வைத்து வரைந்தோம். இந்தத் தடவை அவளே பென்சிலைப் பிடித்து, விரல் இடுக்கெல்லாம் நிதானமாகச் சுற்றி வரைந்து, மூலையில் தேதியும் எழுதிக் கொடுத்தாள். பழைய வலது கைத் தாளும் வீண் போகவில்லை. அதைக் காட்டிக் கண்ணாடி வளையல் ஒரு டஜன் வாங்கினேன். வலது கையில் மட்டும் போட்டிருக்கிறாள். இடது கையில் போட்டால் கிரிப்பில் இடிக்குமாம்.